அக்காவின் காது

குழாயடியில் நின்று அம்மாவின் பல் செட்டை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலியில் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னவோ சொன்னாள். பல் இல்லாதபோது அம்மா பேசினால் பாதி காற்றாகத்தான் வரும். செட்டை உதறி அவள் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, கடவாயை ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி தெளிவாகச் சொன்னாள். "நீ எனக்காகத்தான் அந்த வேலைக்குப் போகலேன்னு எனக்குத் தெரியும்டி."

"எந்த வேலைக்கு?"

"அதான், காது மூக்கெல்லாம் செய்யற எடம். அவங்க வா வான்னு கூப்பிட்டும், அம்மாவ விட்டுட்டு வரமுடியாதுன்னு எழுதிட்டியாமே. அக்கா அப்பவே சொல்லிட்டா. உன்கிட்ட கேக்காத, சங்கடப்படுவான்னு சொன்னா, அதான் நானும் கேக்கல. ஆனா மனசுக்குள்ளயே வெச்சிருக்க முடியுதா? எதிர் வீட்டு அம்மாகிட்டகூட சொன்னேன். இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு இப்படி இருப்பா?"

என் கையில் ஈர பிரஷ். அம்மாவின் கண்ணில் தண்ணீர். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. என்னை யாரும் கூப்பிடவே இல்லையே! போன வருடம் விண்ணப்பம் போட்டேன், வாஸ்தவம். கிணற்றில் கல் போட்ட கதைதான். ஒரு பதில் இல்லை. வராத அழைப்பை நான் எப்படி மறுக்க முடியும்? இடுப்பெலும்பு உடைந்து படுத்ததிலிருந்து அம்மா வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்குகிறாள். அதில் எதையோ எதனோடோ குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்து, "சரி சரி, டீ ஆறிடும், குடி" என்றேன். குடித்தாள். என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள். ஒரு மகளை அப்படிப் பார்க்க எந்தத் தாய்க்கும் கொடுத்துவைக்காது என்பது போல ஒரு பார்வை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

பட்டறைக்கு நடந்துபோகும்போதுதான் உறைத்தது. அந்த வேலையைப் பற்றி அம்மாவிடம் நான் மூச்சே விட்டதில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இந்த உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் சொன்னேன்.

நான் பல் கட்டுகிற ஆள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயைப் பார்ப்பார், அச்சு எடுப்பார், அதை ஒரு டப்பாவில் போட்டு எங்கள் பட்டறைக்கு அனுப்புவார். டப்பாவின் மேல் ஒரு எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அந்த எண்ணுக்குரியவர் ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிப்பவரா, ஒரு பக்கமாகவே மெல்லுபவரா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெருவில் எதிரே வந்தால் தெரியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சம் அவருடையது. எங்கள் வீட்டில் மட்டும் இந்த நியாயம் செல்லாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நோயிலோ விபத்திலோ காதையும் மூக்கையும் இழந்தவர்களுக்கு அதை அச்சு அசலாகச் செய்து பொருத்துகிற ஒரு பிரிவு அங்கே இருக்கிறது. ஒரு வருடம் சம்பளத்தோடு பயிற்சி, தேறினால் அங்கேயே வேலை. பல்லை நான் தூக்கத்தில்கூடச் செய்துவிடுவேன். ஆனால் காது? ஒரே ஆளின் இரண்டு காதுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த மடிப்புகளையும் பள்ளங்களையும் பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர்களிடம் நான் வெறித்துப் பார்த்து, எத்தனையோ முறை முறைப்பு வாங்கியிருக்கிறேன். அப்படி ஒரு ஆசை. நாற்பதை நெருங்கும்போது வந்த ஆசை என்பதால் வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது.

விண்ணப்பத்தோடு, மாதிரிக்கு ஒரு காதையோ மூக்கையோ செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் இடது காதைப் பார்த்துப் பார்த்து மெழுகில் செதுக்கினேன். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிய தழும்பு மேல் விளிம்பில் இருக்கும், அதையும் விடவில்லை. கனமான தோடு போட்டுப் போட்டு நீண்டுபோன ஓட்டையையும் விடவில்லை. எழுந்ததும் காட்டினேன். "அடிப்பாவி, என் காத அறுத்து வெச்ச மாதிரியே இருக்குடி!" என்று தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதப் பாத்தும் உனக்கு வேலை குடுக்கலேன்னா அவங்களுக்குக் கண்ணு இல்லேன்னு அர்த்தம்" என்றாள். அக்காவுக்குத் தூசு ஆகாது. வருடம் முழுக்க ஜலதோஷம். அவள் வருவதற்கு முன்பே அந்த உறிஞ்சும் சத்தம் படியேறி வந்துவிடும்.

பதில் வரவில்லை. தேதி தாண்டியும் வரவில்லை. நான் ஒரு நாள் சமையலறையில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன். அக்காதான் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தடவிக்கொடுத்தாள். "விடுடி குட்டி. அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றாள். வீட்டில் நான் இன்னமும் குட்டிதான். மெழுகுக் காதைப் பட்டறையில் என் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இனி எங்கள் வீட்டு நியாயம். எங்கள் வீட்டில் அறைகளுக்குத் தாழ்ப்பாள் உண்டு, போடுகிற பழக்கம் கிடையாது. போட்டால், "உள்ள அப்படி என்ன பண்ற?" என்று ஒரு குரல் வரும். அதே போல எங்கள் குடும்பம் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்ட். அப்பா போன பிறகு நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு எண்ணும், அங்கே வந்துபோன பூனையின் பெயரும். அக்கா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கம்ப்யூட்டர் பழகிய முதல் ஆள் அவள்தான். எனக்கு மெயில் திறந்துகொடுத்தவள் அவள். அம்மாவுக்கு, தன் வீட்டுக்காரருக்கு, தன் பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் அவளே திறந்தாள், எல்லாவற்றுக்கும் அந்தப் பூனையையே காவலுக்கு வைத்தாள். கரண்ட் பில், அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கேஸ் சிலிண்டர் பதிவு, அத்தனையும் என் மெயிலுக்குத்தான் வரும். அக்கா தன் போனிலிருந்தே அதைத் திறந்து பார்த்து, கட்டவேண்டியதைக் கட்டிவிடுவாள். போட்டோ பார்க்க அவளுடைய பழைய டேப் ஒன்று அம்மாவிடம் இருக்கிறது, அதிலும் ஓடுவது என் கணக்குதான். எனக்கும் சௌகரியமாகவே இருந்தது, பொய் சொல்வானேன்?

ஒரே ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றினேன். எங்கேயோ எதையோ படித்துவிட்டு, சும்மா மாற்றிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அக்கா வந்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதாள். "என்கிட்ட மறைக்கிறதுக்கு உனக்குன்னு என்னடி இருக்கு? உன்ன நான் தூக்கி வளத்தவ." அம்மா அவளோடு சேர்ந்துகொண்டு சாப்பிடமாட்டேன் என்று தட்டைத் தள்ளினாள். என்னவோ நான் வீட்டை விட்டு ஓடிப்போன மாதிரி. தலைவலி விட்டால் போதும் என்று பழையபடி பூனைக்கே திரும்பினேன்.

அம்மா அதைச் சொன்ன அதே வாரத்தில் பட்டறையில் ஒரு கலவரம். எங்களுக்கு வேலை கொடுக்கிற ஒரு கிளினிக்கின் மெயிலுக்குள் எவனோ புகுந்து, அங்கே வந்துபோன நோயாளிகளுக்கெல்லாம் கண்டதையும் எழுதித் தொலைத்திருக்கிறான். எங்கள் முதலாளி பயந்துவிட்டார். கம்ப்யூட்டர் சரிபார்க்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, எங்கள் எல்லாருடைய கணக்குகளையும் பார்க்கச் சொன்னார். வயது முப்பதுகூட இருக்காது, சூயிங்கம் மென்றுகொண்டே பேசினாள். அரை நாளில் அவளுக்கு 'பூட்டு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் நம் ஆட்கள்.

என் மேசைக்கு வந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா?"

"அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவங்க பசங்க."

"பக்கத்து வீட்டுக்காரங்கள ஏன் விட்டுட்டீங்க, பாவம்" என்றாள் சிரிக்காமல். முதலாளி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாஸ்வேர்டை மாற்றவைத்தாள். பழைய கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் கணக்கை வெளியே எடுத்தாள். இனிமேல் யார் எங்கிருந்து நுழையப் பார்த்தாலும் என் போனுக்கு ஒரு கேள்வி வரும், நான் ஆம் என்று சொன்னால்தான் உள்ளே விடும் என்றாள். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் வீட்டில் பூகம்பம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு பாக்கணும்" என்றாள் பூட்டு மேடம். "பூட்ட மாத்தினா மட்டும் போதாது. உள்ள வந்தவங்க ஏதாவது வேலை வெச்சுட்டுப் போயிருப்பாங்க. குறிப்பிட்ட ஆள்கிட்டயிருந்து வர்ற மெயில நம்ம கண்ணுல படாம நேரா குப்பைக்கு அனுப்பிடற மாதிரி ஒரு உத்தரவு போட்டு வெக்கலாம். அது பாட்டுக்கு வேலை செஞ்சிட்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது." எதையோ சொடுக்கினாள், ஒரு பக்கம் திறந்தது. அதில் ஒரே ஒரு உத்தரவு இருந்தது. "இது நீங்க போட்டதா?" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியின் முகவரி. அங்கிருந்து எது வந்தாலும் குப்பைக்குப் போகட்டும்.

கையிலிருந்த மெழுகுக் கத்தியைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். மென்றுகொண்டிருந்ததை அவள் நிறுத்திவிட்டு, மெதுவாக, "தெரிஞ்சவங்க யாராவதா மேடம்?" என்று கேட்டாள். அவள் குரலில் அதுவரை இருந்த கிண்டல் போய்விட்டது. அவளுக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. "ஆமா" என்றேன். "வீட்லதான்."

குப்பையில் ஒன்றும் மிச்சமில்லை. மாதாமாதம் அதுவே காலியாகிவிடுமாம். பட்டறை மாடிப்படியில் போய் உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். யார் யாரிடமோ மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் அந்தப் பிரிவின் தலைவியே பேசினார். பெயரைச் சொன்னதும் நினைவு வரவில்லை. காதைச் சொன்னேன்.

"ஓ, அந்தத் தழும்பு வெச்ச காதா! அது நீங்களா? அத நாங்க மறக்கவே இல்ல. உங்களத்தான் முதல்ல வெச்சிருந்தோம். நீங்கதானே வரமுடியாதுன்னு எழுதினீங்க? அம்மாவுக்கு முடியலேன்னு. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. படிச்சிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் எழுதினேனாம். ரொம்ப நன்றாக எழுதினேனாம். நான் எழுதினால் நாலு வரிக்கு மேல் போகாது, அதிலும் மூன்று பிழை இருக்கும். பள்ளிக்கூட ஆபீசில் நாளெல்லாம் கடிதம் எழுதிப் பழகிய கை ஒன்றுதான் எங்கள் வீட்டில் இருக்கிறது. போனைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை மூச்சு விட்டேன், பிறகு எடுத்து, "மேடம், இந்த வருஷம்?" என்றேன். ஏன் எழுதினேன், யார் எழுதினார்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. யாரோ ஒருவரிடம் அக்காவைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

"இந்த வருஷம் ஒரு எடம் இன்னும் முடிவாகல. நாளைக்குக் காலைல உங்களுக்கு மெயில் அனுப்பச் சொல்றேன். மத்தியானத்துக்குள்ள அதுக்குப் பதில் போட்டு ஒத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்குத்தான். இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவோம். இந்தத் தடவையாவது வாங்க."

உள்ளே போய் அந்த உத்தரவை நானே அழித்தேன். அன்று கையில் எடுத்த டப்பாவில் ஒரு முன்பல்லின் விளிம்பைச் சுரண்டித் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அக்கா முன்பே வந்திருந்தாள். பூகம்பம்தான் என்று நினைத்தேனே, அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளறையில் அம்மா, நடைவண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படுத்திருந்தாள். அக்கா என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். கையில் போன்.

"பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? கரண்ட் பில் கட்டப் பாத்தா உள்ளயே விடமாட்டேங்குது. நான் என்ன திருடியா?"

நான் அடுப்பில் பாத்திரத்தை வைத்தேன். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், மாடிப்படியில், வழியில். எதுவும் வாயில் வரவில்லை. "காது ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்க்கா" என்றேன்.

அக்கா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். அவள் அதை நிறுத்தி நான் கேட்டதே இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். மறுப்பாள் என்று நினைத்தேன், மறுத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவள் மறுக்கவில்லை.

"நீ போயிட்டா அம்மாவ யாருடி பாக்கறது?" என்றாள். "இடுப்பு உடைஞ்சு அப்பதான் எழுந்து உக்காந்திருந்தாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க, ஆபீசு, மாமியார் வேற. நான் என்ன பண்ணுவேன்னு நீயே சொல்லு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ போறேன்னு சொல்லியிருப்ப."

இதைவிட நேர்மையான ஒரு பதிலை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. "கேட்டா போயிடுவான்னு தெரிஞ்சு, கேக்காமயே என்னைத் தியாகி ஆக்கிட்ட. அம்மா எதிர் வீட்ல எல்லாம் சொல்லி அழுதிட்டு இருக்காங்க, எம் பொண்ணு எனக்காகன்னு. நான் எதையும் விட்டுக் குடுக்கலக்கா. என்கிட்டயிருந்து எடுத்தது நீ."

"நான் எனக்காகவா செஞ்சேன்?"

"ஆமா. உனக்காகத்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய இடது காது எனக்கு நேராக இருந்தது, அந்தத் தழும்போடு. என் கைக்கு அந்தக் காதின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். அதன் சொந்தக்காரியைத்தான் தெரியாமல் போய்விட்டது.

"போகட்டும். எழுதின, அனுப்பின, மறைச்ச. எல்லாம் போகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "இதோ, இதே எடத்துல நின்னு நான் அழுதேன். நீ என் தலையத் தடவிக் குடுத்த. அவங்களுக்குக் குடுத்து வைக்கலேன்னு சொன்ன. அப்ப உனக்குத் தெரியும்ல? கூப்பிட்டாங்கன்னு தெரியும்ல?"

பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள். "ஆனா அப்ப எனக்கு நெஜமாவே கஷ்டமா இருந்துச்சுடி. உன்ன அப்படிப் பாக்க முடியல."

அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. பொய்யாகத் தடவியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கையின் சூடு இன்னும் என் தலையில் இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? நான் அடுப்பை அணைத்தேன். "இப்ப என்ன பண்ணப் போற?" என்றாள். "நாளைக்கு மெயில் வரும், மத்தியானத்துக்குள்ள பதில் போடணும், போடுவேன்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிப் பழகிய வாய், அன்றும் சொல்லிவிட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொன்னேன். "நான் உனக்காகப் போகாம இருக்கலம்மா. எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா போயிருப்பேன்." சொல்லும்போதே அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். ஒரு வருடமாக அவள் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்ட ஒன்றை நான் பிடுங்கிக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அது என் பெயரில் வேறொருத்தி கொடுத்தது, அதற்கு நான் என்ன செய்ய?

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப போ" என்றாள். "எனக்கென்ன? இந்த வண்டியப் புடிச்சு நடக்கறேன். ஒரு ஆள வெச்சுக்கலாம், அக்கா வந்து பாத்துக்குவா. நீ பதில் போடு. உன் வயசு திரும்ப வருமா?" நான் அவள் மடியில் தலையை வைத்தேன். வெகுநாளைக்குப் பிறகு. ஒருத்தியாவது என் பக்கம் இருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் காலையில் வேலையே ஓடவில்லை. இழுப்பறையிலிருந்து மெழுகுக் காதை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது, மற்றபடி அப்படியே இருந்தது. போனை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். டீ வந்துபோன பிறகு மெயில் வந்தது. குப்பைக்குப் போகாமல், என் கண்ணெதிரே வந்தது. இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். நல்லபடியாக எழுதவேண்டும், போன தடவை எழுதியவளைவிட நன்றாக எழுதவேண்டும் என்று ஒரு வீம்பு. 'வணக்கம்' என்று போட்டுவிட்டு அதற்கு மேல் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்ததை மறைத்துக்கொண்டு அந்தக் கேள்வி வந்தது. வேறொரு கருவியிலிருந்து உங்கள் கணக்கில் நுழைய முயற்சி நடக்கிறது. நுழைவது நீங்கள்தானா? கீழே இரண்டு கட்டங்கள். ஆம், நான்தான். இல்லை, நான் இல்லை. கருவியின் பெயரும் இருந்தது. அம்மாவின் டேப்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா உடனே எடுத்தாள், பக்கத்திலேயே வைத்துக் காத்திருந்த மாதிரி.

"குட்டி, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். இந்த டேப்புல போட்டோ ஒண்ணும் வரமாட்டேங்குது. பாஸ்வேர்ட் மறந்துடுச்சான்னு கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கினேன். இப்ப என்னை யாருன்னு கேக்குது. உன் போனுக்கு ஏதோ வந்திருக்குமாமே, அதுல ஆமான்னு அமுக்கிடும்மா."

வந்திருக்குமாமே. அம்மாவுக்கு டேப்பில் சத்தத்தைக் கூட்டக்கூடத் தெரியாது. என் போனுக்கு ஒன்று வரும், அதில் ஆம் என்று ஒரு கட்டம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம். மின்விசிறியின் கடகடப்பு. அதற்கும் இடையில், கொஞ்சம் தள்ளி, அடக்கி அடக்கி ஒருமுறை மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இந்நேரம் பள்ளிக்கூட ஆபீசில் மணியடித்து வேலை ஆரம்பித்திருக்கவேண்டிய நேரம்.

"அம்மா" என்றேன். "பக்கத்துல யாரு?"

நேற்று என் தலையைத் தாங்கிய மடியில் இப்போது அந்த டேப் இருக்கிறது. சொல்லிவிடு அம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நான் போகாமல்கூட இருந்துவிடுவேன்.

"யாருமில்லடி" என்றாள் அம்மா.

நான் செய்த பல். காற்று கசியக்கூடாது, வார்த்தை குழறக்கூடாது என்று எத்தனையோ தடவை இழைத்து இழைத்துச் சரிசெய்த பல். ஒரு எழுத்து பிசகாமல், அத்தனை தெளிவாக வந்தது அந்த வார்த்தை.

நான் போனைக் கட் செய்யவில்லை. அந்தப் பக்கமும் செய்யவில்லை. காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். திரையில் அந்தக் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது, ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களோடு. அதன் பக்கத்தில், என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்பதைப் போல, மல்லாந்து கிடந்தது அக்காவின் காது.